ஐந்து லிட்டருக்கு ஒரு பாட்டில்

தப்பாகச் சொல்லிவிடுவேன், தங்கச்சி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எஞ்சின் சமாச்சாரம். நான் படித்தது ஏழாம் வகுப்பு, அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. மெக்கானிக் ராயப்பன் சொன்னதை நான் திருப்பிச் சொன்னால் வழியில் எங்காவது ஒரு நட்டு கழன்று விழுந்துவிடும். ஆனால் நீங்கள்தானே கேட்டீர்கள், திருநெல்வேலி தாண்டினதில் இருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறதே, ஏன் எடுக்கவில்லை என்று. அதைச் சொல்ல வேண்டும் என்றால் எஞ்சினில் இருந்துதான் தொடங்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அது அடிக்கட்டும். என் வீட்டுக்காரர்தான். கஸ்பார் என்று பெயர்.

திருச்செந்தூரில் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டதற்கு, இந்த பஸ் எங்கே போகும் என்று நான் கேட்டேனே, அப்போதே நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். கவனித்தேன். தென்காசி என்றார். சரி, கடைசி வரைக்கும் ஒன்று கொடுங்கள் என்றேன். தென்காசியில் எனக்கு யாரும் இல்லை. கடலும் இல்லை. அது போதும்.

நாங்கள் கடற்கரைக்காரர்கள். ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். படகின் பின்னால் ஒரு எஞ்சின் தொங்குமே, தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு, பார்த்திருப்பீர்கள். அதுதான் எங்களுக்குச் சோறு. இவரும் தொம்மையும் ஒரே படகு. தொம்மை இவருக்குச் சித்தப்பா மகன், என்னை மைனி என்று கூப்பிடுவார். சாயங்காலம் மூன்று மணிக்கு இறக்கினால் வலையைப் போட்டுவிட்டு மறுநாள் காலை ஏழு மணிக்குள் வந்துவிடுவார்கள். மூன்று மணி. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மணி என்ன? இரண்டரையா? சரி.

எங்கள் பழைய எஞ்சின் டூ ஸ்ட்ரோக். மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் வெறும் மண்ணெண்ணெயை ஊற்றக்கூடாது. அதில் டூ-டி ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். எரிகிற எண்ணெயும் வழுக்குகிற எண்ணெயும் ஒன்றாகவே உள்ளே போகணும். வழுக்குகிறது போகாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசும், சூடேறும், பிடித்துக்கொள்ளும். அப்புறம் கயிற்றை எத்தனை பேர் இழுத்தாலும் அசையாது. நடுக்கடலில் அசையாது.

அளவு, ஐந்து லிட்டருக்கு ஒரு பாட்டில். பாட்டில் என்றால் குவார்ட்டர் பாட்டில், பிராந்தி பாட்டில். சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. ரோட்டோரம் கிடந்ததை எடுத்து சாம்பல் போட்டுக் கழுவி வைத்தேன், அளவு சரியாக இருந்தது. பாதிரியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த அன்றைக்கு அது ஜன்னலில் நின்றது. "என்ன பிரகாசி, கஸ்பார் ஆரம்பிச்சிட்டானா?" என்று கேட்டார். "இல்ல சாமி, எஞ்சின்தான் குடிக்கி" என்றேன். ஒரு மாதம் ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது.

கலக்குவது எங்கள் வீட்டில் என் வேலை. இருபது லிட்டர் கேனுக்கு நாலு பாட்டில். ஊற்றிவிட்டு மூடியை இறுக்கி, கேனைப் படுக்கப் போட்டு, பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரி ஆட்ட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் அடியில் தங்கிவிடும். நான் நூறு எண்ணுவேன். இவர் வாசலில் நின்று, "வெண்ணெய் திரண்டாச்சா?" என்பார். அவர் பாட்டுக்குச் சொல்லட்டும், நான் நூறு எண்ணாமல் கொடுத்ததே இல்லை. இருபத்திரண்டு வருடம், தங்கச்சி. ஒரு நாள் கூட எங்கள் எஞ்சின் எண்ணெய் இல்லாமல் நின்றதில்லை. அதை யாரும் சொல்ல மாட்டார்கள். நின்றதைத்தான் சொல்வார்கள்.

அந்த எஞ்சினுக்கு ஒரு சத்தம் உண்டு. ஊரில் நாற்பது எஞ்சின் இருந்தாலும் எங்கள் எஞ்சின் எனக்குத் தெரியும். வெண்கலப் பானையில் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி வரும். அடுப்படியில் இருக்கும்போதே காதில் விழும், உலையை வைத்துவிட்டுக் கரைக்குப் போவேன், நான் போய் நிற்கவும் படகு மணலில் ஏறவும் சரியாக இருக்கும். இவர் சட்டையில் அந்தப் புகை வாசம் அடிக்கும். துவைத்தாலும் போகாது. நான் அதைத் திட்டாத நாள் இல்லை.

அது போன வருடம் செத்துப்போனது. வயதாகிவிட்டது. புதுசு வாங்கியாச்சு. ஃபோர் ஸ்ட்ரோக், பெட்ரோல். ராயப்பன்தான் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். பெரிய மெக்கானிக், ஆனால் நம்மிடம் பொறுமையாகச் சொல்லுவார். மணலிலேயே உட்கார்ந்து, விரலால் கோடு போட்டுக் காட்டினார். பழையது இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யுமாம். உள்ளே இழுக்கும்போதே அமுக்கும், வெடிக்கும்போதே வெளியே தள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. அதனால்தான் அந்தப் புகை, அந்தச் சத்தம். புதுசு அப்படி இல்லை. இழுப்பது தனி, அமுக்குவது தனி, வெடிப்பது தனி, தள்ளுவது தனி. நாலு வேலை நாலு தடவையாக. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிதான். சரியாகச் சொல்கிறேனா தெரியவில்லை. எனக்கு என்ன தோன்றியது என்றால், பழையது என்னை மாதிரி. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கரண்டி, வாயில் ஏச்சு. புதுசு பெரிய வீட்டு அம்மா மாதிரி. எதையும் அதனதன் நேரத்தில்தான் செய்வாள்.

"எக்கா, உங்களுக்கு இனிமே வேலை மிச்சம்" என்றார் ராயப்பன். "இதுக்குக் கலக்கவே வேண்டாம். பச்சைப் பெட்ரோல் ஊத்தினா போதும்."

"எண்ணெய் வேண்டாமா?"

"எண்ணெய்க்குத் தனிக் குளம் இருக்கு. அதுல ஊத்தியாச்சு. அதுவே சுத்திச் சுத்தி வேலை பாக்கும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"நூறு மணி நேரம் ஓடட்டும், அப்புறம் மாத்திக்கலாம்."

ஒரு மெல்லிய கம்பியை உருவி, கட்டியிருந்த சாரத்தில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினார். நுனியில் நல்லெண்ணெய் மாதிரி ஒரு சொட்டு மின்னியது. அவ்வளவுதான். நூறு மணி நேரத்துக்கு ஒரு சாப்பாடு. மனுஷனுக்குச் சொன்னால் நம்புவீர்களா? இவரும் தொம்மையும் தலையை ஆட்டினார்கள். ஆம்பிளைகள் மெக்கானிக் முன்னால் எப்போதும் தலையை ஆட்டத்தான் செய்வார்கள்.

அன்றைக்கு ராயப்பன் இன்னொன்றும் காட்டினார். ஒரு சிவப்புக் கயிறு, பழைய டெலிபோன் ஒயர் மாதிரி சுருண்டு இருக்கும். ஒரு முனையில் ஒரு கிளிப். அந்தக் கிளிப்பை எஞ்சினை நிறுத்துகிற பட்டனுக்கு அடியில் சொருகினால்தான் எஞ்சின் பிடிக்கும். மறு முனையை ஓட்டுகிறவர் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் கிளிப் உருவிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும், படகு ஆளை விட்டுவிட்டுப் போகாது. எனக்கு அது பிடித்திருந்தது. அந்த எஞ்சினில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். தொம்மைதான் சிரித்தார்.

"எங்க பழசுல இது மூணாம் மாசமே தொலைஞ்சிட்டு, அண்ணாச்சி. நைலான் நரம்பை பட்டனுக்கு அடியில நாலு சுத்து சுத்தி விட்டேன். பதினோரு வருசம் ஓடிச்சி."

"உங்க கூறு தெரிஞ்சதுதானே. அது வேற எஞ்சின், இது வேற எஞ்சின்" என்றார் ராயப்பன்.

இவர் ஒரு நாள் கூட அதைக் கையில் மாட்டவில்லை. இடைஞ்சலாம். கிளிப்பை எஞ்சினில் சொருகி, மற்றதைத் தொங்கவிட்டுவிடுவார். வீட்டுக்கு வந்தால் சவேரியார் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டுவார்.

புதுசு வந்த முதல் நாள் நான் அடுப்படியில் காத்திருக்கிறேன், சத்தமே இல்லை. எட்டு மணி ஆகிவிட்டது. கரைக்கு ஓடினால், படகு வந்து அரை மணி நேரம் ஆயிற்று, இவர் வலையில் இருந்து மீனைக் கழற்றிக்கொண்டு இருக்கிறார். "எப்ப வந்திய?" என்றால், "எஞ்சின் பட்டு மாதிரி வருதுட்டீ, எனக்கே கேக்கல" என்கிறார். அவருக்குப் பட்டு. எனக்கு? அதற்குப் பிறகு ஆறு மணியில் இருந்து கரையில்தான் நிற்பேன். காது இருந்தும் பிரயோஜனம் இல்லை, கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

போன் நின்றுவிட்டதா? மறுபடி அடிப்பார். அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நான் ஊற்றினேன், தங்கச்சி. எண்ணெய் ஊற்றினேன். கட்டிலுக்கு அடியில் பழைய டூ-டி ஆயில் ஐந்து லிட்டர் டப்பா நாலு அப்படியே இருந்தது. பெட்ரோல் கேன் வீட்டில்தான் இருக்கும். முதல் நாள் அரை பாட்டில்தான் ஊற்றினேன். ஒரு பிள்ளை சாப்பிட்டேன் என்று சொன்னாலும் நாம் இன்னும் ஒரு வாய் ஊட்டுவது இல்லையா? செத்தா போகும்? அன்றைக்கு நன்றாகத்தான் வந்தார்கள். மறுநாள் ஒரு பாட்டில். அப்புறம் இரண்டு. நாலு ஊற்றவில்லை. நாலு ஊற்றியது எல்லாம் பழையதுக்கு. என் மனசுக்கு இரண்டு போதுமாக இருந்தது. ஒன்றுதான் குறை, கேனை ஆட்ட முடியவில்லை. ஆட்டினால் தெரிந்துவிடுமே.

மூன்று வாரத்தில் புகை வந்தது. "புதுசுல புகையப்படாதே" என்று இவர் சொன்னார். தொம்மை, "பெட்ரோல்ல கலப்படம்" என்றார். இரண்டு பேருமாகப் போய் பங்க்காரரிடம் சண்டை போட்டு, அந்த மனுஷன் மாதாமேல் சத்தியம் செய்ய, வேறு பங்க்கில் பிடித்தார்கள். அப்போதும் புகைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு பக்கம் பாவமாக இருந்தது, இன்னொரு பக்கம், புகையைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி. சட்டையில் பழைய வாசம் வந்தது.

ஏன் ஊற்றினேன் என்று கேட்க வருகிறீர்கள். இது இவருக்கும் தெரியாது. நீங்கள் பாவூர்சத்திரத்தில் இறங்கிப் போய்விடுவீர்கள், நான் உங்களை இனிமேல் பார்க்கப்போவதில்லை, அதனால் சொல்கிறேன்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். சிலுவை. எங்கள் அம்மா இறந்த வருடம்தான் எங்கள் வீட்டுக்கு முதல் எஞ்சின் வந்தது. எனக்குப் பதிமூன்று வயது. சோறாக்கவும் எஞ்சினுக்குக் கலக்கவும் ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தினார்கள். அண்ணன்தான் கற்றுக்கொடுத்தான், நூறு எண்ணச் சொன்னதும் அவன்தான். ஒரு நாள் பக்கத்துத் தெருவில் கல்யாணம், ரேடியோ செட் கட்டியிருக்கிறார்கள், பாட்டு போடுகிறது. அண்ணன் "கலந்து வை பிள்ளே, வாரேன்" என்று வலை எடுக்கப் போனான். நான் பாட்டுக் கேட்கப் போனேன். வந்து கலந்தேன். கலந்தேன் என்றுதான் நினைக்கிறேன். கேனை ஆட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எண்பத்தாறு வரைக்கும் எண்ணிவிட்டு, பாட்டைக் கேட்டு எண்ணிக்கை விட்டுப்போய், மறுபடி ஒன்றில் இருந்து எண்ணியதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது அன்றைக்கா, அதற்கு முந்தின நாளா? அன்றைக்கு எண்ணெய் ஊற்றினேனா, ஊற்றாமலே ஆட்டினேனா?

படகு நாலாம் நாள் கிடைத்தது. எஞ்சின் பிடித்துப்போய் இருந்தது. அண்ணன் கிடைக்கவில்லை.

எஞ்சின் எல்லாம் அப்போது புதுசு. பிடித்துப்போச்சு என்றால் பிடித்துப்போச்சு, ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். என்னிடம் ஒரு ஆள், ஒரே ஒரு வார்த்தை, நீ கலந்தியா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பார்கள். அடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும். முப்பத்துமூன்று வருடம் ஆகிறது. நான் கலக்கிக்கொண்டே இருக்கிறேன்.

அதனால் ராயப்பன் வந்து, எண்ணெய் வேண்டாம் என்று மணலில் கோடு போட்டுக் காட்டினால் எனக்கு மூளைக்குப் புரியும், கைக்குப் புரியாது.

பாருங்கள், அடிக்கிறது. அடிக்கட்டும். இன்னும் இருபது நிமிடம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போனார்கள். புதன்கிழமை காலையில் நான் ஆறு மணிக்கே கரையில் நிற்கிறேன். ஒவ்வொரு படகாக ஏறுகிறது. ஏழு ஆயிற்று, எட்டு ஆயிற்று. ஒன்பதுக்கு மேல் எங்கள் படகைத் தவிர எல்லாம் வந்துவிட்டது. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறாள் அந்தப் பெண். கோயிலில் மணி அடித்தார்கள். தேடப் போக ஆறு படகு புறப்பட்டது. கச்சான் காற்று அன்றைக்கு. மேற்கே இருந்து அடிக்கிற காற்று, கரையில் நிற்கிறதைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். எஞ்சின் ஓடுகிற படகைத் தேடுவது ஒரு மாதிரி, அதை வலை போட்ட இடத்தில் தேடணும். எஞ்சின் நின்ற படகைத் தேடுவது வேறு மாதிரி, அது காற்றோடு போயிருக்கும், கிழக்கே, எல்லைப் பக்கம் தேடணும். இவர்கள் எல்லாம் தெற்கே போகலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். வலை போட்டது தெற்கே. புது எஞ்சின், நிற்காது, வலைதான் பாறையில் மாட்டியிருக்கும் என்கிறார்கள்.

எனக்குத் தெரியும். அந்தக் கரையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனால் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே? நான் வீட்டுக்குப் போனேன். ஜன்னலில் அந்தப் பாட்டில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று கேட்காதீர்கள். பதினொன்றரை வரைக்கும் உட்கார்ந்தேன். தெற்கே போன படகு இரண்டு வெறுமனே திரும்பி வந்துவிட்டது. அப்போதுதான் எழுந்து போய்ச் சொன்னேன். "எஞ்சின் நின்னுட்டு. கச்சான் இழுத்த பக்கம் பாருங்க."

"உனக்கு யாரு சொன்னா?"

"கனவு கண்டேன்" என்றேன்.

வேறு எதுவும் வாயில் வரவில்லை. கனவு என்றதும், சிலுவை தங்கச்சி சொல்லுதா, கிழக்கே விடுங்கடா என்று புறப்பட்டுவிட்டார்கள். அஞ்சு மணிக்குக் கிடைத்தார்கள். பதினெட்டு கடல் மைலுக்கு அப்பால். இரண்டு பேருக்கும் உதடு வெடித்துப்போய், கையெல்லாம் கயிறு இழுத்து இழுத்துத் தோல் உரிந்துபோய். உயிரோடு. அந்தோனியார் புண்ணியம்.

அதற்குப் பிறகு ஊரில் எனக்கு மரியாதையைப் பார்க்கணுமே. பிரகாசி கனவு கண்டால் பலிக்கும். கல்யாணம் ஆகாத பெண்ணின் அம்மா வருகிறாள், வெளிநாட்டுக்குப் போன பையனின் அம்மா வருகிறாள், "நேத்து ஏதும் கண்டியாக்கா?" என்று. ஒருத்தி அயிலை மீன் கொண்டுவந்தாள். நான் என்ன சொல்வது? "நல்லதா வரும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நாலாம் நாள் ராயப்பன் வந்தார். எஞ்சினின் மூடியைக் கழற்றி, பிளக்கைத் திருகி எடுத்தார். விரல் நீளத்தில் ஒரு சாமான், அதில்தான் பொறி தெறித்து எஞ்சின் வெடிக்கும். அது கரியாக, ஈரமாக, மண்சட்டி அடியை வழித்த மாதிரி இருந்தது. இன்னொன்றும் அப்படியே. ராயப்பன் மூக்கில் வைத்து மோந்தார்.

"கஸ்பார், இதுல டூ-டி ஆயில் வாசம்லா அடிக்கி?"

"நாங்க எங்கே ஊத்தினோம்?"

"யாரோ ஊத்தியிருக்கு. இப்படி எண்ணெய் குடிச்சா பிளக்கு எப்படிப் பொறி தட்டும்? தனியா குளம் வச்சிருக்கான், அதை விட்டுட்டு வாயில கொண்டு எண்ணெயைத் திணிச்சா?"

தொம்மை என்னைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். நல்ல மனுஷன். இவர் பிளக்கைக் கையில் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

"கனவு கண்டியோ?" என்றார்.

அவ்வளவுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலில் இருந்த பாட்டிலை எடுத்து வெளியே வைத்தார். அது நின்ற இடத்தில் அந்தக் கரிப் பிளக்கை நிறுத்தி வைத்தார். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. சோறு வடிக்கும்போது அதுதான் என் கண்ணுக்கு நேராக.

அண்ணன் விஷயத்தை அப்போது சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். சொல்ல வாயெடுத்தேன். "ஏங்க, சிலுவை அண்ணன்..." என்றேன். "செத்தவனை எதுக்கு இப்ப இழுக்க?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தானே. அத்தோடு விட்டுவிட்டேன்.

எஞ்சின் சரியாகிவிட்டது. புது பிளக்கு, எண்ணெய் மாற்றி, எல்லாம் பார்த்தாயிற்று. இன்றைக்குத்தான் முதல் நாள் இறக்குகிறார்கள். பெட்ரோல் கேன் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. தொம்மை வீட்டில் பூட்டி வைத்திருக்கிறார்கள். "இனி கேன் பக்கம் நீ வராத" என்று இவர் சொல்லிவிட்டார். சரி. நான் ஊற்ற மாட்டேன். சத்தியமாக ஊற்ற மாட்டேன், இனிமேல் என் கை அதில் படாது. ஆனால் ஊற்றாமல் இருந்தால் எனக்குச் சிலுவை அண்ணன். ஊற்றினால் இவர். எதைச் செய்தால் ஆள் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியவில்லை, தங்கச்சி. ராயப்பனைக் கேட்டால் மறுபடி மணலில் கோடு போடுவார்.

காலையில் இருந்து கச்சான். கூரை மேல் போட்ட தகரம் தடதடவென்று அடிக்கிறது. "இன்னைக்கு மட்டும் வேண்டாமே" என்று கெஞ்சினேன். "நாப்பது படகு போவுது, எனக்கு மட்டும் என்ன காத்தா?" என்றார். பதினோரு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தார். மூன்று மணிக்குப் போகிறவர் அந்த நேரத்தில் தூங்குவார். நான் தட்டைக் கழுவி வைத்தேன். சவேரியாரைப் பார்த்தேன். அவருக்குக் கீழே ஆணியில் சிவப்புக் கயிறு தொங்குகிறது.

யோசிக்கவே இல்லை. எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். எதிர்வீட்டுப் பிள்ளை, "எங்க போறியக்கா?" என்றது. "ரேஷன் கடைக்கு" என்றேன். கையில் பையும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து முதலில் நின்ற பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் எங்காவது ஒளித்து வைத்திருக்கலாம், ஆனால் இவர் கேட்டால் நான் கொடுத்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால்தான் இதைத் தூரமாகக் கொண்டுபோகிறேன். கிளிப் இல்லாமல் எஞ்சின் பிடிக்காது. ராயப்பனே சொன்னது.

நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்காதீர்கள். இன்றைக்கு, இந்த ஒரு நாள்.

என்ன சொல்கிறீர்கள்? நரம்பா? நைலான் நரம்பைச் சுற்றினால் ஓடாதா என்கிறீர்களா? அது பழைய எஞ்சின், தங்கச்சி. அதில் ஓடியது. இது ஃபோர் ஸ்ட்ரோக். இது வேற. அது வேற எஞ்சின், இது வேற எஞ்சின் என்று ராயப்பன் வாயாலேயே சொன்னாரே, நீங்கள் கவனிக்கவில்லையா? எண்ணெய் வேற, சத்தம் வேற, எல்லாமே வேற. அப்படி ஒரு நரம்பில் ஏமாறுகிற எஞ்சினாக இருந்தால் எதற்கு இவ்வளவு பெரிதாகச் சொல்லிக் கொடுக்கிறார்?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இது ஆலங்குளமா? கரண்டு எடுக்கிற காற்றாடி எல்லாம் என்னமாகச் சுற்றுகிறது பாருங்கள். ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள், கண்ணில் மண் விழுகிறது. கடல் இல்லாத ஊருக்கு வந்தால் இங்கேயும் காற்று. எந்தப் பக்கம் இருந்து வருகிறது இது? மேற்கேயா? மலையைத் தாண்டியா வருகிறது? அப்படியானால் நம் கச்சான் இங்கே இருந்துதான் புறப்பட்டு வருகிறதா? எனக்குத் தெரியாது. எனக்கு யாரும் சொன்னதில்லை.

மணி மூன்றேகால் ஆகிவிட்டதா! பேசிக்கொண்டே வந்ததில் தெரியவில்லை. பார்த்தீர்களா, போன் அடங்கிவிட்டது. மூன்று மணிக்கு முன்னால் நாற்பது தடவை அடித்தவர், மூன்று மணிக்கு மேல் ஒரு தடவை கூட அடிக்கவில்லை. சோர்ந்து படுத்திருப்பார். கோபமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். கோபத்தோடு வீட்டில் இருக்கட்டும்.

நான் போட்டுப் பார்க்கவா? வேண்டாம். நான் போட மாட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் குரல் வந்துவிட்டால்?

பாவூர்சத்திரம் வந்துவிட்டதா? இறங்குங்கள், இறங்குங்கள், பையை நான் எடுத்துத் தருகிறேன். என் கையைப் பிடிக்காதீர்கள், எனக்கு ஒன்றும் இல்லை. இதோ, பார்த்தீர்களா? ரவிக்கையில் இருந்து எடுத்துவிட்டேன். இதுதான் அந்தக் கயிறு. ராயப்பன் காட்டிய மாதிரியே இந்த வளையத்தைக் கையில் மாட்டி இறுக்கிக்கொண்டேன். இவர் ஒரு நாளும் மாட்டாததை நான் மாட்டிக்கொண்டேன். கிளிப்பை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். இனிமேல் தென்காசி வரைக்கும் இந்தக் கையைத் திறக்க மாட்டேன்.